பிரெஞ்சுக் கால்வாயில் ஒரு வாரம்: கனால் து மிதியில் நீங்களே படகோட்ட முழுமையான வழிகாட்டி

முதலில் ஒரு கணக்கு. தெற்கு பிரான்ஸில் த்ரெப் என்ற ஊரிலிருந்து அர்ஜான் என்ற ஊருக்குக் கால்வாய் வழியே ஏறத்தாழ 34 கி.மீ. அங்கிருந்து பெசியே நகரத்துக்கு வெளியே இருக்கும் ஃபோன்செரானுக்கு 54 கி.மீ. எதற்கு அதிக நேரம் ஆகும்? முதல் துண்டுக்குத்தான். காரணம், அந்த 34 கி.மீ.யில் படகை ஏற்றி இறக்கும் தண்ணீர்த் தொட்டிகள், அதாவது லாக், 11 இருக்கிறது. அடுத்த 54 கி.மீ.யில் ஒன்றுகூட இல்லை.

முதல் தடவை படகு எடுப்பவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான். கார் ஓட்டிப் பழகிய நாம் வரைபடத்தில் தூரத்தைப் பார்த்து நாளைப் பிரித்துவிடுகிறோம். கால்வாயில் தூரம் இரண்டாம்பட்சம். லாக்கை எண்ண வேண்டும். எந்தப் பாதை, எத்தனை பேர், என்ன படகு, எங்கே இரவு தங்குவது என்று எல்லாமே அதை வைத்துத்தான் முடிவாகும்.

லாக் என்பது இரண்டு பக்கமும் கதவு வைத்த கல் தொட்டி. மேட்டுக் கால்வாய்க்கும் பள்ளத்துக் கால்வாய்க்கும் நடுவில் இருக்கும். படகு உள்ளே போனதும் பின்கதவை மூடி, தண்ணீரை நிரப்பினால் படகு ஏறும், வடித்தால் இறங்கும். பிறகு முன்கதவு திறக்கும். பிரெஞ்சில் எக்லூஸ். அதை இயக்குபவர் எக்லூஸியே. இந்த இரண்டு சொல்லும் தெரிந்தால் பாதிப் பயணம் ஓடிவிடும். மீதிப் பாதிக்கு ‘போன்ஜூர்’ போதும்.

எந்தக் கால்வாய்?

பிரான்ஸில் படகு போகக்கூடிய ஆறும் கால்வாயும் சேர்த்து ஏறத்தாழ 6,700 கி.மீ.யை ‘வுவா நாவிகாப்ள் த ஃபிரான்ஸ்’ என்ற அரசு அமைப்பு பராமரிக்கிறது. சுருக்கமாக வே.என்.எஃப். பர்கண்டி கால்வாய் 242 கி.மீ. நீளம், 189 லாக். அழகு கொள்ளை கொள்ளும், தோள்பட்டையும் கழன்றுவிடும். அல்சாஸ் பக்கம் போனால் ஆர்ஸ்வில்லேரில் 1969-ல் கட்டிய சாய்தளத் தூக்கி, படகைத் தண்ணீர்த் தொட்டியோடு சேர்த்து 44 மீட்டருக்கு மேல் தூக்கிவிடும். முன்பு அதற்கு 17 லாக் தாண்ட வேண்டியிருந்தது. ப்ரியாரில் 1896-ல் திறந்த 662 மீட்டர் நீளப் பாலத்தில் லுவார் ஆற்றின் தலைக்கு மேலே படகில் போகலாம்.

ஆனால் முதல் பயணத்துக்கு நான் கை காட்டுவது கனால் து மிதியைத்தான். துலூஸிலிருந்து மத்தியதரைக் கடலோரத்துத் தோ ஏரி வரை 240 கி.மீ. ‘மிதி’ என்றால் பிரெஞ்சில் தெற்கு, நண்பகல் என்றும் பொருள். நமக்கு மிதி என்றாலே ஆக்ஸிலரேட்டர். அந்த மிதிக்கு இங்கே வேலையே இல்லை. வேக வரம்பு மணிக்கு 8 கி.மீ. கரையில் மெதுஓட்டம் ஓடுகிறவர் உங்களை முந்திக்கொண்டு கையசைத்துவிட்டுப் போவார்.

இதைக் கட்டியவர் பியேர் போல் ரிக்கே. பொறியாளர் அல்ல, உப்பு வரி வசூலித்தவர். 1666-ல் பதினான்காம் லூயியின் ஆணை கிடைத்தது. கடலிலிருந்து 189 மீட்டர் உயரத்தில் இருக்கும் நோரூஸ் மேட்டில் கால்வாயில் தண்ணீர் வற்றாமல் எப்படி வைத்திருப்பது என்பதுதான் அதுவரை எல்லோரையும் தோற்கடித்த கேள்வி. கருமலை ஓடைகளைத் திருப்பி, சேன் ஃபெரியோலில் பெரிய அணை கட்டி, மேட்டின் உச்சிக்கே தண்ணீர் கொண்டுவந்து இரண்டு பக்கமும் பிரித்துவிட்டார். வாய்க்கால் பாசனம் தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இது உடனே புரியும்: தலைமடையில் தண்ணீர் இருந்தால்தான் கடைமடை. சொந்தப் பணத்தையும் கொட்டினார். 1680-ல் இறந்துபோனார். கால்வாய் திறந்தது 1681-ல். 1996-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். விளம்பரப் படங்களில் இரண்டு கரையிலும் பிளேன் மரங்கள் குடை பிடிக்கும். பல இடங்களில் இன்று அது இல்லை. 2006-ல் இந்தக் கால்வாயில் கண்டுபிடித்த ஒரு பூஞ்சை நோய் மரங்களை ஆயிரக்கணக்கில் தின்றுவிட்டது. வெட்டி எரிப்பதைத் தவிர வழியில்லை. புது மரங்கள் நட்டிருக்கிறார்கள், நிழல் தர இன்னும் காலமாகும். அதனால் தொப்பி கட்டாயம். மரத்தில் கயிறு கட்டவே கூடாது, சட்டப்படியே தடை. பட்டையில் விழும் சிறு காயம் போதும், நோய் அடுத்த மரத்துக்குப் போய்விடும்.

எப்போது போவது?

வாடகைப் படகுகள் மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் முடியும்வரை ஓடும். குளிர்காலத்தில் பராமரிப்புக்காகக் கால்வாயை மூடிவிடுவார்கள். மே, ஜூன், செப்டம்பர் அருமை. ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் அதிகம், வாடகையும் அதிகம், ஒவ்வொரு லாக்கிலும் வரிசையும் நிற்கும். மே 1 அன்று லாக் திறக்காது, அந்த வாரம் போகிறவர்கள் ஒரு நாளைக் கழித்துக்கொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். படகு பதிவு செய்த ரசீதை விண்ணப்பத்தோடு தங்குமிட ஆதாரமாக வைக்கலாம்.

படகு எடுப்பது

உரிமம் வேண்டாம். இதை யாரிடம் சொன்னாலும் நம்ப மறுக்கிறார்கள். வாடகைப் படகுக்கு மட்டும் பிரான்ஸில் தனி ஏற்பாடு: நிறுவனத்தார் ஒரு மணி நேரம் போலச் சொல்லிக்கொடுத்து, அந்தப் பயணத்துக்கு மட்டும் செல்லும் தற்காலிக அட்டை ஒன்று தருவார்கள். சொந்தப் படகு என்றால் உரிமம், கட்டணச் சீட்டு என்று கதையே வேறு.

எத்தனை பேர் போகிறீர்களோ அதைவிட இரண்டு படுக்கை அதிகம் உள்ள படகைப் பாருங்கள். ‘8 பேர்’ என்று எழுதியிருந்தால், அதில் இரண்டு பேர் சாப்பாட்டு மேசையை மடக்கிப் போட்டுத்தான் படுக்க வேண்டியிருக்கும். அதே சமயம் குறைந்தது மூன்று பெரியவர்கள் வேண்டும். ஒருவர் சுக்கான், ஒருவர் முன்கயிறு, ஒருவர் பின்கயிறு. கணவன் மனைவி இரண்டே பேர் போகிறார்கள், முடியாமல் இல்லை. ஆனால் இரண்டாம் நாளே பேச்சுவார்த்தை நின்றுபோவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

விலைப்பட்டியலில் பெரிய எழுத்தில் இருப்பது படகு வாடகை மட்டும். எரிபொருளை இயந்திரம் ஓடிய மணிக்கணக்கில் தனியாக வாங்குவார்கள். முன்பணப் பிணை, துப்புரவுக் கட்டணம், சைக்கிள் வாடகை, காரை இறங்கும் ஊருக்குக் கொண்டுவந்து விடும் கூலி எல்லாம் மேலே வரும். முன்பக்கம் நெட்டித்தள்ளும் சிறு மோட்டார், அதாவது பௌ த்ரஸ்டர், இருக்கிறதா என்று கேளுங்கள். கொஞ்சம் பணம் கூடினாலும் அதை எடுங்கள். குறுகலான துறையில் படகைத் திருப்பும்போது அந்தக் காசின் அருமை தெரியும். குறைந்தது இரண்டு சைக்கிளாவது எடுத்துக்கொள்ளுங்கள். ரொட்டிக் கடை எப்போதும் துறையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கும்.

நாட்களைப் பிரிப்பது

கோடையில் வழக்கமாக லாக் காலை 9 மணிக்குத் திறக்கும். 12:30 முதல் 1:30 வரை சாப்பாட்டு இடைவேளை. மாலை 7 மணிக்கு மூடிவிடுவார்கள், வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் இன்னும் முன்பே. ஆக, கையில் இருப்பது 9 மணி நேரம். இருட்டில் ஓட்டக் கூடாது.

இனி த்ரெப் – அர்ஜான் துண்டைப் பாருங்கள். 34 கி.மீ.க்கு, 7 கி.மீ. வேகத்தில், 5 மணி நேரம். லாக் 11 என்றாலும் சில இரட்டை, சில மும்மடி. தொட்டிகளாக எண்ணினால் 20. தொட்டிக்குப் பன்னிரண்டு நிமிடம் வைத்தால் 4 மணி நேரம். மொத்தம் 9. அதாவது எங்கும் வரிசையில் நிற்காமல், காபிகூடக் குடிக்காமல் ஓட்டினால் சரியாக ஒரு நாள்! யாரால் முடியும்? இரண்டு நாளாகப் பிரிப்பதுதான் நியாயம். எந்தப் பாதைக்கும் இதே வாய்ப்பாடு: கிலோமீட்டரை 7-ஆல் வகுங்கள், தொட்டிக்கு 12 நிமிடம் கூட்டுங்கள், கோடை நெரிசல் என்றால் மேலே கால்வாசி போடுங்கள். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் திட்டமிடாதீர்கள்.

சின்னக் குழந்தைகள், வயதானவர்கள் இருந்தால் அர்ஜானிலோ ஓம்ப்ஸிலோ படகு எடுத்து அந்த 54 கி.மீ. நீள்மட்டத்திலேயே போய்த் திரும்புங்கள். அதற்குள் நுழைந்த பிறகு ஒரு லாக்கும் தாண்ட வேண்டாம்.

கொஞ்சம் வேலை செய்யத் தயார் என்றால் என் சிபாரிசு, த்ரெப்பில் எடுத்து, கடலோரம் போர் கசாஃபியேரில் விடுவது, சுமார் 100 கி.மீ. இந்தத் திசையில் போனால் எல்லா லாக்கிலும் இறங்குமுகம்தான். எதிர்த்திசையில் ஏறுமுகம், உழைப்பு இரட்டிப்பு. படகு பிடிக்கும் முன் கர்கசோன் கோட்டையைப் பார்த்துவிடுங்கள். ரயில் நிலையத்தின் வாசலிலேயே கால்வாய் ஓடுகிறது.

சனிக்கிழமை மாலை படகு கைக்கு வரும். அன்று மும்மடி லாக்கைத் தாண்டி மர்செயெத் வரை போனாலே பெரிது. ஞாயிறு லா ரெதோர்த். வழியில் எகுயீ லாக்கில் பழைய இரும்பில் செய்த பொம்மைச் சிற்பங்கள் நிற்கும், தண்ணீர் வடியும்வரை குழந்தைகளுக்குப் பொழுதுபோகும். திங்கள் அரை நாளில் ஓம்ப்ஸ், பக்கத்திலேயே குளிக்க ஏரி. செவ்வாய் நீள்மட்டத்துக்கு முந்தின கடைசி லாக்குகளைக் கழித்துவிட்டு லெ சொமாய். அங்கே போகும் வழியில் 1676-ல் ரெபுத்ர் ஓடைக்கு மேல் ரிக்கே கட்டிய பாலத்தைக் கடப்பீர்கள். கீழே ஓடை, மேலே நீங்கள். கண் வைத்துப் பார்க்காவிட்டால் தெரியாமலே போய்விடும். லெ சொமாயில் பழைய கல் பாலமும், ஒரு பெரிய பழைய புத்தகக் கடையும் இருக்கின்றன. புதன் கபெஸ்தாங்.

வியாழன்தான் உச்சம். முதலில் மல்பாஸ் குடைவு. 1679-ல் தோண்டியது, 165 மீட்டர், ஐரோப்பாவில் படகுக் கால்வாய்க்காக வெட்டிய முதல் சுரங்கம். ஒரே படகு போகும் அகலம்தான். விளக்கைப் போட்டு, ஹாரன் அடித்து, எதிரே வெளிச்சம் தெரியவில்லை என்று உறுதிசெய்துகொண்டு நுழையுங்கள். உங்களுக்குக் கீழே அதே குன்றுக்குள் ஒரு ரயில் சுரங்கம் போகிறது. அதற்கும் அடியில், மொந்தாதி ஏரியை வடிக்க 13-ம் நூற்றாண்டில் வெட்டிய வடிகால். குன்றின் மேல் ஏறிப் பார்த்தால் அந்த ஏரி நிலம் வண்டிச்சக்கர ஆரம் போலக் கூறுபோட்டுக் கிடப்பது தெரியும்.

பிறகு ஃபோன்செரான் படிக்கட்டு. ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொட்டிகள், மொத்தம் 21 மீட்டர் இறக்கம், எதிரே பெசியே தேவாலயம். இறங்க ஒரு நேரம், ஏற ஒரு நேரம் என்று ஒதுக்கியிருப்பார்கள். முந்தின நாளே நேரத்தை வே.என்.எஃப். அறிவிப்பில் பாருங்கள், தவறவிட்டால் அரை நாள் போச்சு. வெள்ளி போர் கசாஃபியேர்.

கையில் இன்னும் நாள் இருந்தால் ஆக்த் போய் வட்ட லாக்கைப் பாருங்கள், மூன்று பக்கமும் கதவு வைத்தது. அதற்கப்பால் தோ ஏரி. அது கால்வாய் இல்லை, காற்றடித்தால் அலையும் எழும். காற்று பலமாக இருக்கும் நாளில் வாடகைப் படகுகளை அங்கே விட மாட்டார்கள்.

சுக்கான் பிடிப்பது

படகுக்குப் பிரேக் கிடையாது. நிறுத்த வேண்டும் என்றால் பின்கியர் போட வேண்டும், அதுவும் உடனே நிற்காது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் மூக்கு திரும்பாது, முதலில் வால்தான் எதிர்ப்பக்கம் ஒதுங்கும். எல்லோரும் முதல் அரை மணி நேரம் பாம்பு மாதிரி வளைந்து வளைந்துதான் போவார்கள். கொஞ்சமாகத் திருப்புங்கள், காத்திருங்கள். மறுமொழி தாமதமாக வரும்.

வலப்பக்கம் போவது பழக்கம். கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது வேகத்தை நடைக்கும் கீழே குறையுங்கள். உங்கள் அலை அவர்களது அடுப்பிலிருக்கும் பாத்திரத்தைக் கவிழ்த்துவிடும். பாலங்கள் கல் வளைவுகள், உயரம் நடுவில் மட்டும்தான். கபெஸ்தாங் பாலம் பேர்போன தாழ்வு: வெயில் குடையை மடக்கி, மேல்தளத்தில் எல்லோரும் உட்கார்ந்து, நட்ட நடுவில் போங்கள். சேர்ஸ் என்ற வடமேற்குக் காற்று வீசும் நாளில் படகு நண்டு மாதிரி பக்கவாட்டில் நகரும். அப்போது மெதுவாகப் போவதுதான் ஆபத்து, கொஞ்சம் வேகம் இருந்தால்தான் சுக்கான் பேச்சுக் கேட்கும்.

லாக்கைக் கடப்பது

இதை நன்றாகப் படியுங்கள், மற்றதெல்லாம் போகப் போக வரும்.

சிவப்பு விளக்கென்றால் தள்ளி நில்லுங்கள். சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிந்தால் உள்ளே தயாராகிறது. பச்சை மட்டும் எரிந்தால் போகலாம். நுழையும் முன்பே இரண்டு பக்கமும் இடி தாங்கும் காற்றுருளைகளைத் தொங்கவிடுங்கள், கயிறுகளைச் சிக்கெடுத்துச் சுருட்டிக் கையில் வையுங்கள். உள்ளே ஊர்ந்து போங்கள்.

மிதியின் பழைய லாக்குகள் முட்டை வடிவம். நேர்ச்சுவராகக் கட்டிப் பார்த்தார்கள், மண் அழுத்தி இடிந்தது. அதன்பின் ரிக்கே சுவரை வில்லாக வளைத்தார். மூன்றரை நூற்றாண்டாக நிற்கிறது. ஆனால் நமக்குத் தொல்லை: படகின் நடு மட்டும் சுவரை ஒட்டாது, மூக்கும் வாலும் ஆடும். அதனால்தான் முன்னும் பின்னும் இரண்டு கயிறு.

கயிற்றின் ஒரு முனை படகில் இருக்கட்டும். கரையிலுள்ள கட்டையில் ஒரே ஒரு சுற்று, மறுமுனை உங்கள் கையில். முடிச்சு போடக் கூடாது. இறங்கும்போது கயிற்றை விட்டுக்கொண்டே வர வேண்டும், ஏறும்போது இழுத்துக்கொண்டே வர வேண்டும்.

முடிச்சு போட்டால் என்ன ஆகும் என்று முதல் பயணத்தின் இரண்டாவது லாக்கிலேயே தெரிந்துகொண்டோம். அத்தான் ஊரில் மாட்டைக் கட்டிப் பழகியவர். பின்கயிற்றைப் படகுக் கொம்பில் இறுக்கி, கையைத் தட்டிவிட்டுப் புகைப்படம் எடுக்கப் போய்விட்டார். தண்ணீர் வடிந்தது. மூக்கு இறங்கியது, வால் மட்டும் அங்கேயே நின்றது. உள்ளே மேசையில் இருந்த தட்டுகள் ஒவ்வொன்றாக நழுவும் சத்தம் கேட்டது. கயிறு விறைத்து, நார் தெறிக்கும் மெல்லிய ‘டிக், டிக்’. “கயித்தை விடுங்க அத்தான்!” என்று அக்கா கத்த, அவரும் அவிழ்க்கப் பார்க்கிறார், படகின் முழு எடையும் தொங்கும் முடிச்சு எப்படி அவிழும்? மேலே இருந்த எக்லூஸியே பதறாமல் பொத்தானை அழுத்தி மதகை மூடி, கொஞ்சம் தண்ணீரைத் திரும்ப உள்ளே விட்டார். கயிறு தளர்ந்தது. எங்களைப் பார்த்து ஒரு விரலைச் சுழற்றிக் காட்டினார்: ஒரு சுற்று, ஒன்றே ஒன்று. அதற்குப்பின் வாரம் முழுவதும் அத்தான் கயிற்றை விட்டு நகரவில்லை.

இறங்கும் லாக்கில் இன்னொரு கவனம்: பின்கதவின் அடியில் ஒரு கல் படி இருக்கும், தண்ணீர் வடிய வடிய வெளியே தெரியும். வால் அதன்மேல் உட்கார்ந்துவிடாமல் படகை முன்னே தள்ளி நிறுத்துங்கள். ஏறும் லாக்கில் சுவர் உங்கள் தலைக்கு மேலே இருக்கும், பாசி வழுக்கும். லாக்குக்கு முன்னால் உள்ள சிறு துறையில் ஒருவரை இறக்கிவிட்டால், அவர் மேலே நடந்துபோய் எறியும் கயிற்றைப் பிடித்துக் கட்டையில் சுற்றித் தருவார். அங்கே மேல்கதவு வழியே தண்ணீர் பாயும்போதுதான் படகு முரண்டு பிடிக்கும்.

சுவரில் இடிக்கப் போகிறது என்று தெரிந்தால் இடிக்கட்டும். கையையோ காலையோ கொடுத்துத் தடுக்காதீர்கள். பத்து டன் படகுக்கு உங்கள் மணிக்கட்டு ஒரு பொருட்டே இல்லை. அதற்குத்தான் காற்றுருளை. லாக்கில் குழந்தைகளுக்கு மிதவைச் சட்டை போட்டே ஆக வேண்டும். அவசரத்துக்கு 112.

இரவு, தண்ணீர், சமையல்

தடை போடாத இடத்தில் கரையோரம் எங்கு வேண்டுமானாலும் முளையடித்துக் கட்டலாம். படகிலேயே இரும்பு முளையும் சம்மட்டியும் இருக்கும். நடைபாதைக்குக் குறுக்கே கயிறு போகக் கூடாது, சைக்கிள்காரர் விழுவார். துறையில் கட்டினால் கட்டணம் உண்டு, ஆனால் மின்சாரமும் தண்ணீரும் கிடைக்கும். நல்ல தண்ணீர்த் தொட்டியை இரண்டு நாளைக்கு ஒருமுறை நிரப்புங்கள். ஆறு பேர் தினமும் இரண்டு வேளை குளித்தால் மூன்றாம் நாள் காலையில் சோப்பு நுரையோடு நிற்க வேண்டியதுதான்.

படகில் கேஸ் அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, பாத்திரம் எல்லாம் இருக்கும். பிரஷர் குக்கர் இருக்காது. பாரிஸ் வழியாக வருகிறவர்கள் லா ஷப்பல் தமிழ்க் கடைகளில் அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் வாங்கிக்கொண்டு நர்போன் பக்கம் ரயிலேறுவது உத்தமம். இந்தப் பக்கத்துப் பெயர்பெற்ற உணவு கசூலே, வெள்ளை பீன்ஸை வாத்தும் பன்றியும் போட்டு மண்சட்டியில் மணிக்கணக்கில் வேகவைப்பது. சைவக்காரர்களுக்கு வாரச் சந்தைதான் சொர்க்கம். தக்காளி, கத்தரிக்காய், பீச் பழம், ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி. இரண்டு கரையும் திராட்சைத் தோட்டம், ஒயின் மலிவு. சுக்கான் பிடிப்பவருக்கு மாலையில் படகைக் கட்டிய பிறகுதான்.

திருப்பிக் கொடுப்பது

படகைப் பெரும்பாலும் கடைசி நாள் காலை 9 மணிக்குள் ஒப்படைக்கச் சொல்வார்கள். லாக் திறப்பதும் 9 மணிக்குத்தான். எனவே கடைசி இரவு, உங்களுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே ஒரு லாக்கும் இல்லாத இடத்தில் கட்டுங்கள். போர் கசாஃபியேர் என்றால், வெள்ளி மாலை 7 மணிக்கு முன் போர்திராய்ன் லாக்கைத் தாண்டியிருக்க வேண்டும்.